பாரசீகமும் பக்கத்து வீட்டுப் பூனையும்

கேரளத்தில் 'நாடன்' என்ற சொல்லுக்கு விலை உண்டு. திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் நாடன் முட்டை என்றால் கூடுதல் காசு. நாடன் கோழிக்கும் நாடன் வாழைப்பழத்துக்கும் அப்படியே. ஒரே ஒரு பிராணியின் விஷயத்தில்தான் இந்தச் சொல் விலையைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுகிறது: நாடன் பூனை. அதை யாரும் விற்பதில்லை, வாங்குவதுமில்லை. கண் திறந்த கையோடு அட்டைப் பெட்டியில் போட்டு மீன் மார்க்கெட் ஓரமாக வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஸ்கூட்டரைக் கிளப்புகிறார்கள்.

அதே நகரத்தில் இன்னொரு பூனைக்குச் சில ஆயிரங்களில் தொடங்கும் விலை முகத்தைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகிறது. அது பெர்ஷியன்.

பூனை வளர்ப்பது என்று முடிவெடுத்த வீட்டில் பொதுவாக மூன்று கட்சிகள் உருவாகின்றன. குழந்தைகள் கட்சியின் கையில் மொபைல் போன்; அதில் வெள்ளைப் பஞ்சுப் பொதியில் இரண்டு நீலக் கண்கள் வைத்தது போல ஒரு படம். அப்பா கட்சி விலையைக் கேட்டதும், "தெருவில் சும்மா திரிகிற ஜந்துவுக்கு இவ்வளவா?" என்கிறது. மூன்றாவது பாட்டி கட்சி. கரமனை அக்கிரகாரத்திலோ வலியசாலையிலோ பிறந்து வளர்ந்த பாட்டியாக இருந்தால் வாதம் இன்னும் அடிப்படையானது: "மீன் வாங்காத ஆத்துல பூனைக்கு என்னடா வேலை?" மூன்று கட்சிகளின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. பாட்டியின் கேள்வி மற்ற இரண்டையும்விட விஞ்ஞானப்பூர்வமானது என்பது பிறகு தெரியவரும்.

கடைக்குப் போனால் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரு புதிய அகராதி. மூக்கு ஓரளவு மூக்காகத் தெரிந்தால் 'டால் ஃபேஸ்'. பாதி அமுங்கியிருந்தால் 'செமி பஞ்ச்'. குத்துச்சண்டையில் ஒரு குத்து வாங்கியது போல மூக்கு கண்களுக்கு நடுவே புதைந்திருந்தால் 'பஞ்ச் ஃபேஸ்'. குத்து எவ்வளவு பலமோ விலையும் அவ்வளவு பலம். எதைக் காட்டினாலும் கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: "ப்யூர் பெர்ஷியன், சாரே."

ப்யூர் என்பதற்கு என்ன அத்தாட்சி? பூனை உலகில் 'தூய இனம்' என்பதற்கு ஒரே பொருள், காகிதம். குட்டியின் தாய் தந்தை, அவற்றின் தாய் தந்தை என்று நாலைந்து தலைமுறை பெயர்களை எழுதி, சர்வதேசப் பூனைச் சங்கம் ஒன்றில் பதிவு செய்த வம்சாவளிப் பத்திரம். அது இருந்தால் இனம், இல்லாவிட்டால் தோற்றம். இந்தியாவில் பெர்ஷியன் என்ற பெயரில் கைமாறும் குட்டிகளில் பெரும்பாலானவற்றோடு காகிதம் எதுவும் வருவதில்லை. வருவது ஒரு கூடை, அரைக் கிலோ பிஸ்கட், கொஞ்சம் அறிவுரை. நாய்களை இனப்பெருக்கி விற்பவர்களுக்கு மத்திய அரசு 2017இல் தனி விதிகள் கொண்டுவந்தது. பிராணிக் கடைகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதி 2018இல் வந்தது. வீட்டு மாடியில் இரண்டு கூண்டு வைத்துப் பூனை இனப்பெருக்குகிறவருக்கென்று அப்படித் தனி விதி ஏதும் வரவில்லை. ஆக, 'தூய இனமா, கலப்பினமா?' என்று யோசித்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு கலப்பினங்களுக்கு நடுவேதான் தேர்ந்தெடுக்கிறார். ஒன்றுக்கு முடி அதிகம், விலையும் அதிகம்.

நாய் வாங்குவதற்கும் பூனை வாங்குவதற்கும் இங்கே பெரிய வித்தியாசம் உண்டு. ஆடு மேய்க்க, வேட்டைக்கு, வீட்டுக் காவலுக்கு என்று மனிதன் நாயைப் பல நூற்றாண்டுகளாக வேலை பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறான். ராஜபாளையமும் லாப்ரடாரும் குணத்தில் வேறுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. பூனைக்கு அப்படி யாரும் வேலை கொடுக்கவில்லை. வீட்டுப் பூனைகள் எல்லாமே மேற்காசியாவின் காட்டுப் பூனையிலிருந்து வந்தவை என்று 2007இல் மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. தானியக் குதிர்களைத் தேடி எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனோடு புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு 2004இல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தக் காலத்திலிருந்து பார்த்தால் பூனை 'இனங்கள்' நேற்றுப் பிறந்தவை. 1871 ஜூலையில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் என்ற ஓவியர் ஏற்பாடு செய்த கண்காட்சிதான் நவீனப் பூனைப் போட்டிகளின் தொடக்கம். மேஜைமேல் வைத்து மார்க் போட வேண்டும் என்றபோதுதான் முகம் எப்படி இருக்க வேண்டும், வால் எவ்வளவு நீளம் என்ற சட்டங்கள் பிறந்தன. அதாவது பூனையின் இனம் என்பது பெரும்பாலும் அழகுப் போட்டியின் குழந்தை.

பாரசீகப் பூனைக்குப் பாரசீகத்தோடு உள்ள உறவும் கொஞ்சம் சந்தேகத்துக்குரியது. இத்தாலியப் பயணி பியெத்ரோ டெல்லா வாலே 17ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து நீள முடிப் பூனைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார் என்பது பழைய செய்தி. ஆனால் 2008இல் உலகின் பல பகுதிப் பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, இன்றைய பெர்ஷியன் மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடு போய் உட்கார்ந்தது. பெயர் பாரசீகம், வளர்ப்பு இங்கிலாந்து, முகம் அமெரிக்கா. கவடியாரில் அதற்கு ஏ.சி. வேண்டியிருக்கிறது.

முகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மண்டை ஓட்டைக் குறுக்கினால் அதற்குள் இருக்கிற சாமான்கள் குறுகுவதில்லை. மூக்குத் துவாரம் சுருங்கி மூச்சு விடுவது வேலையாகிறது. கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் கண்ணீர்க் குழாய் வளைந்து மடங்கிவிடுவதால் கண்ணீர் கன்னத்தில் வழிந்து, பழுப்புக் கோடாக ஊறி, தோல் புண்ணாகிறது. பல் வரிசை மாறித் தட்டிலிருந்து உணவை எடுப்பதே சிரமமாகிறது. தினமும் காலையில் ஈரத் துணியால் கண் துடைத்துவிடுவது பெர்ஷியன் வீட்டில் பல் தேய்ப்பது போல ஒரு கடமை. கடையில் 'பஞ்ச்' என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்குவது இந்த உபாதைகளின் அளவைத்தான் என்று எந்தக் கடைக்காரரும் சொல்லப் போவதில்லை.

வெளியே தெரியாத சங்கதி சிறுநீரகத்தில். பி.கே.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பரம்பரை நோயில் குட்டி பிறக்கும்போதே சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் இருக்கும். அவை ஆண்டுக்காண்டு வளர்ந்து, பெரும்பாலும் நடு வயதில், குடும்பத்தில் எல்லோரும் அதனிடம் மனதைப் பறிகொடுத்த பிறகு, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லெஸ்லி லயன்ஸ் குழு 2004இல் இதற்குக் காரணமான மரபணுப் பிழையைக் கண்டுபிடித்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பல நாடுகளில் ஸ்கேன் செய்து பார்த்தபோது பெர்ஷியன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த நோய் இருந்தது. இன்று கன்னத்தின் உட்புறம் பஞ்சால் ஒற்றி எடுத்து டி.என்.ஏ. சோதனை செய்தால் விடை தெரிந்துவிடும். சோதித்து, நோயுள்ளவற்றை இனப்பெருக்காமல் ஒதுக்கியதால் மேல்நாடுகளில் பொறுப்பான வளர்ப்பாளர்களிடம் இந்த நோய் குறைந்திருக்கிறது. ஆகவே காகிதம் என்பது வெறும் ஜம்பத்துக்கு அல்ல. தாய் தந்தையின் சோதனை முடிவு அதோடு இருந்தால் அந்தக் காகிதம் கொடுத்த பணத்துக்கு ஈடு.

இங்கேதான் 'கலப்பு என்றால் ஆரோக்கியம்' என்ற வாதமும் வழுக்குகிறது. பி.கே.டி. ஒரே ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். நோயுள்ள பெர்ஷியனுக்கும் தெருப் பூனைக்கும் பிறந்த குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு அது இருக்கும். நீள முடியின் கணக்கோ நேர் எதிர். தாய் தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் முடி நீளும். எனவே முதல் தலைமுறைக் கலப்புக் குட்டி பெரும்பாலும் சாதாரண முடியோடு, பார்க்க அசல் நாட்டுப் பூனையாக, உள்ளே பெர்ஷியன் அப்பாவின் சிறுநீரகத்தோடு இருக்கலாம். 'செமி பெர்ஷியன்' என்று மலிவு விலையில் கிடைப்பதில் இரண்டு பக்கத்துச் சௌகரியங்களும் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள், இரண்டு பக்கத்து அசௌகரியங்களும் வரலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

காது மடிந்து ஆந்தை போல விழிக்கும் ஸ்காட்டிஷ் ஃபோல்ட் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1961இல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் கண்ட சூசி என்ற பூனையிலிருந்து வந்த வகை அது. காதை மடக்கும் அதே குருத்தெலும்புக் கோளாறு கால் மூட்டுகளையும் வலியோடு இறுக்குகிறது. நெதர்லாந்தில் 2026 ஜனவரியிலிருந்து இந்த வகையைப் புதிதாக வாங்கி வளர்ப்பதே தடை. படத்தில் அது 'சமர்த்தாக' உட்கார்ந்திருப்பதாகத் தெரிவது பல சமயம் நடக்கப் பிடிக்காமல்தான்.

இவ்வளவையும் படித்துவிட்டுப் பெர்ஷியன் என்றாலே அற்பாயுசு என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. இங்கிலாந்தில் கால்நடை மருத்துவமனைகளின் பதிவேடுகளை வைத்து 2015இல் வெளியான ஆய்வில் கலப்பினப் பூனைகளின் இடைநிலை ஆயுள் 14 ஆண்டு, தூய இனங்களுக்கு 12.5. ஆனால் இனவாரியாகப் பிரித்தால் பெர்ஷியன் 14.1 ஆண்டு வாழ்ந்திருக்கிறது. காட்டுப் பூனையோடு கலந்து உருவாக்கிய பெங்கால்தான் 7.3 ஆண்டில் நிற்கிறது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, நேரத்துக்கு டாக்டரைப் பார்த்து, தெருவையே பார்க்காத இங்கிலாந்துப் பெர்ஷியனின் கணக்கு இது. வாங்குகிறவர் அந்தப் பராமரிப்பையும் சேர்த்து வாங்குகிறாரா என்பதுதான் கேள்வி.

கேரளத்துக்கு இந்தத் தூய்மை, கலப்பு விவகாரம் புதிதல்ல. பூனையில் இல்லாவிட்டாலும் பசுவில் ஒருமுறை அனுபவித்திருக்கிறது. பால் பெருக வேண்டும் என்று 1960களில் வெளிநாட்டுக் காளைகளைக் கொண்டு கலப்பினத்தை ஊரெங்கும் பரப்பினார்கள். மாட்டுப்பட்டியில் சுவிட்சர்லாந்து உதவியோடு 1963இல் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்த கால்நடை மேம்பாட்டு வாரியத்துக்குத் தலைமையகம் திருவனந்தபுரம்தான். பால் பெருகியது. கூடவே, வைக்கம் பக்கத்து வெச்சூர் என்ற குட்டைப் பசு கண்ணில் படாமல் போயிற்று. மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில் சோசம்மா ஐப் தம் மாணவர்களோடு 1989இல் ஊர் ஊராகத் தேடி, மிச்சமிருந்த சில மாடுகளிலிருந்து அந்த இனத்தை மீட்டார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பசுவின் கலப்புக்கும் ஒரு காரணம் இருந்தது, தூய்மையை மீட்டதற்கும் ஒரு காரணம் இருந்தது. பூனையின் மூக்கை அமுக்கியதற்கு அப்படி ஒரு காரணத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தின் தட்பவெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. இந்த ஊருக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. இடைப்பட்ட நாட்களில் கடற்காற்றின் ஈரம். துவைத்த துணியே காயாத வீட்டில் குளிப்பாட்டிய பெர்ஷியன் எப்படிக் காயும்? நீள முடியின் அடியில் ஈரம் தங்கினால் முதலில் சிக்கு விழும், பிறகு பூஞ்சை பிடிக்கும். பூனையின் படர்தாமரை மனிதருக்கும் தொற்றும். மடியில் வைத்துக் கொஞ்சும் குழந்தையின் கையில் வட்டம் வட்டமாகத் தோல் சிவந்தால் தோல் டாக்டரிடம் ஒரு நடை, பூனை டாக்டரிடம் ஒரு நடை. தினமும் கால் மணி நேரம் சீப்பு எடுத்து வாரிவிட வீட்டில் யார் தயார் என்பதை வாங்குவதற்கு முந்தைய நாளே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். "நான்தான்" என்று சொல்கிற குழந்தைக்கு மார்ச்சில் பரீட்சை வரும்.

அப்படியானால் மார்க்கெட் ஓரத்து அட்டைப் பெட்டியே மேல் என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? அதில் வேறு ஆபத்துகள்.

முதலாவது, பூனைகளின் பார்வோ எனப்படும் பான்லூக்கோபீனியா. வாந்தி, பேதி, சோர்வு என்று தொடங்கி இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். இந்தக் கிருமி வீட்டுத் தரையிலும் மெத்தையிலும் ஓர் ஆண்டு வரைகூட உயிரோடு இருக்கும்; சாதாரண பினாயிலுக்கு மசியாது, ப்ளீச்சிங் கரைசல் வேண்டும். ஒரு குட்டி இறந்த துக்கத்தை ஆற்ற அடுத்த வாரமே இன்னொன்று கொண்டுவருகிறார்கள், அதுவும் போகிறது. எட்டு வார வயதில் முதல் தடுப்பூசி, மூன்று நான்கு வார இடைவெளியில் மறுபடியும் என்று போட்டு முடித்த பூனையைத்தான் அப்படிப்பட்ட வீட்டுக்குள் விட வேண்டும்.

இரண்டாவது ரேபிஸ். நாய் என்றால் பயப்படுகிறவர்கள் பூனையின் நகத்தைத் துடைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 2021 ஜனவரி மாதத்தில் மட்டும் கேரளத்தில் பூனை கடித்ததாகச் சிகிச்சைக்கு வந்தவர்கள் 28,186 பேர். நாய் கடித்ததாக வந்தவர்கள் 20,875 பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பதில் சொன்னது. பூனைகள் நாய்களைவிட மூர்க்கமாகிவிட்டன என்று இதற்கு அர்த்தமில்லை. மடியில் கிடப்பதுதான் அதிகம் கீறும். ஆனாலும் ஊர் சுற்றிவிட்டு வந்த, ஊசி போடாத பூனை கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோலில் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 28ஆம் நாட்கள். பூனைக்கு மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. இது நாடனுக்கும் பெர்ஷியனுக்கும் பொது.

மூன்றாவது கணக்குப் பாடம். பெண் குட்டி ஐந்தாறு மாதத்திலேயே தாயாகத் தயார். சுமார் ஒன்பது வாரக் கர்ப்பம். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று. அட்டைப் பெட்டிகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. பெட்டியை மார்க்கெட்டில் விட்டவர் கொடுமைக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவராக இருப்பார். குடப்பனக்குன்றில் கால்நடைத் துறையின் பல்துறை மருத்துவமனை இருக்கிறது, நகரத்தில் தனியார் டாக்டர்களும் இருக்கிறார்கள். ஒரு தடவைச் செலவு, ஒரு நாள் அலைச்சல். பெர்ஷியன் வாங்கியவர்களோ வேறு காரணத்துக்காக இதைத் தவிர்க்கிறார்கள். ஒரு ஈற்று போட்டால் கொடுத்த காசை எடுத்துவிடலாமே! காகிதமில்லாத 'ப்யூர்' குட்டிகள் சந்தைக்கு வரும் வழிகளில் இதுவும் ஒன்று.

இனி பாட்டியின் கேள்விக்கு வரலாம். பூனை மாமிசம் தின்றே ஆக வேண்டிய பிராணி. டாரின் என்ற சத்தைப் போதிய அளவு அதன் உடல் தானே தயாரித்துக்கொள்ளாது. இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். அது குறைந்தால் கண் பார்வை மங்கும், இதயத் தசை தளரும். பூனைகளின் ஒரு வகை இதய நோய்க்கு டாரின் பற்றாக்குறையே காரணம் என்று 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நிரூபித்த பிறகுதான் டப்பா உணவுகளில் அதைக் கூட்டினார்கள். தயிர் சாதத்தில் வளர்ந்த பூனைகள் என்று அக்கிரகாரங்களில் பெருமையாகச் சொல்வார்கள். அவை இரவில் கூரைமேல் என்ன சாப்பிட்டன என்பதைப் பற்றிப் பேச்சு வராது. அடுக்குமாடி வீட்டில் கூரையும் இல்லை, எலியும் இல்லை. அங்கே தயிர் சாதம் மட்டும் என்றால் அது மெதுவான பட்டினி. பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றைக் கலக்கும்.

சைவ வீட்டின் இந்தச் சங்கடம் 2020 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. கோவிட் ஊரடங்கு. கொச்சியில் மூன்று பூனைகள் வளர்க்கும் ஒருவருக்கு, பூனை பிஸ்கட் வாங்க வெளியே போகப் போலீஸ் அனுமதி கிடைக்கவில்லை. தாம் சைவம், வீட்டில் மாமிசம் சமைப்பதில்லை, பூனைகள் வேறெதுவும் சாப்பிடா என்று மனு போட்டார். பிஸ்கட்டின் பெயரிலேயே 'பெர்ஷியன்' இருந்தது. பிராணிகளுக்கான தீவனமும் அத்தியாவசியப் பொருள்தான் என்பதைச் சுட்டிக்காட்டி, இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அவரைப் போய் வாங்கிவர அனுமதித்தது. நாடெங்கும் சிரித்துக்கொண்டே படித்த செய்தி அது. ஆனால் மூன்று பூனைகளுக்கும் அது சிரிப்பு விஷயமில்லை. மீன் வாங்காத வீட்டில் பூனைக்கு என்ன வேலை என்ற பாட்டியின் கேள்விக்கு, மாதாமாதம் பிஸ்கட் பை வாங்க முடியுமா என்பதுதான் பதில். பெர்ஷியன் என்றாலும் பெட்டிக் குட்டி என்றாலும் அந்தச் செலவில் பெரிய வித்தியாசமில்லை.

போகிற போக்கில் ஓர் எச்சரிக்கை. காய்ச்சலாகத் தெரிகிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஒரு மாத்திரை உயிரைப் பறிக்கப் போதும்.

அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களுக்கு இன்னொரு தடை இருந்தது: சங்கத்தின் நோட்டீஸ் போர்டு. செல்லப் பிராணிகளை வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் முழுத் தடை போடுவது செல்லாது என்று 2021 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்றவர்களுக்குத் தொந்தரவில்லாமல் வளர்ப்பதற்கு நியாயமான நிபந்தனைகள் விதிக்கலாம், அவ்வளவே. இந்தத் தீர்ப்பை மடித்து வைத்துக்கொள்கிறவர்கள் பால்கனிக்கு வலை அடிப்பதையும் மறக்கக் கூடாது. ஏழாவது மாடியிலிருந்து புறாவைப் பார்த்துப் பாய்கிற பூனைக்குச் சட்டம் தெரியாது.

குணம்? சாதுவான பூனை வேண்டும் என்பதற்காகவே பெர்ஷியன் பக்கம் சாய்பவர்கள் உண்டு. இனத்துக்கு இனம் சுபாவம் கொஞ்சம் மாறுகிறது என்பதை ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் 2019இல் ஆயிரக்கணக்கான பூனைகளை வைத்துக் காட்டியது. பெர்ஷியன் அதிகம் ஓடியாடுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் மனிதனைக் கண்டால் மடிக்கு வருமா, கட்டிலுக்கு அடியில் போகுமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரையிலான நாட்கள். அந்த ஐந்து வாரத்தில் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி மனிதரோடு ஒட்டும். கூண்டிலேயே கிடந்த பஞ்ச் ஃபேஸைவிட, அடுக்களைக்குப் பின்னால் விறகு அடுக்கில் பிறந்து, தினம் நாலு குழந்தைகள் தூக்கி விளையாடிய நாடன் குட்டி சமர்த்தாக இருக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "என்ன இனம்?" என்பதைவிட, "தாய் எங்கே? காட்ட முடியுமா?" என்பது. தாய்ப் பூனை நம்மைக் கண்டு ஓடாமல் உட்கார்ந்திருக்கிறதா, குட்டியின் கண்ணில் பீளை இருக்கிறதா, மூச்சில் சத்தம் வருகிறதா, வால் அடியில் சுத்தமாக இருக்கிறதா, காதுக்குள் கறுப்புத் தூள் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். தாயைக் காட்ட முடியாத கடையில் விலை பேசிப் பிரயோஜனமில்லை. பெட்டியில் கிடைத்த குட்டிக்குத் தாய் இல்லை என்றால், அந்த இடத்தில் ஒரு டாக்டரை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். முதல் நடை வீட்டுக்கு அல்ல, அவரிடம்.

நாட்டுப் பூனைக்கும் இப்போது காகித யோகம் அடித்திருக்கிறது. இந்தியத் தெருப் பூனையை 'இண்டிமாவ்' என்ற பெயரில் ஒரு தனி இனமாக உலகப் பூனைக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது. மார்க்கெட் ஓரத்துக் குட்டி மேஜை ஏறி மார்க் வாங்கலாம். இதனால் நன்மை உண்டா என்றால், கொஞ்சம் உண்டு. பெயர் வந்தால் மரியாதை வரும், மரியாதை வந்தால் ஊசி போடுவார்கள். பயமும் உண்டு. 'அசல் இண்டிமாவ்' என்று விலைப்பட்டியல் எழுதக் கடைக்காரருக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

தமிழ் வாசகர்களுக்குத் திருவனந்தபுரத்துப் பூனை என்றால் வேறொன்று நினைவுக்கு வரும். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து, 2007இல் இறக்கும் வரை இந்நகரில் கவடியாரில் வாழ்ந்த நகுலனின் நாவல் ஒன்றின் தலைப்பு 'அந்த மஞ்சள் நிறப் பூனைக்குட்டி'. மஞ்சள் என்பது இனமல்ல, நிறம். எக்ஸ் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு காணாமல் போவதால் வரும் நிறம் என்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக ஆராய்ந்த இரண்டு குழுக்கள் 2025இல் வெளியிட்டன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் அதில் ஒரு துண்டு போனாலே முழு மஞ்சள். பெண்ணுக்கு இரண்டிலும் போக வேண்டும். எனவே ஐந்து மஞ்சள் பூனைகளில் நாலு ஆண்.

பெட்டியில் மஞ்சள் குட்டி வந்த வீட்டில் பாட்டிக்கு இதைச் சொன்னால் பாதிக் கவலை தீரும். குட்டி போட்டுப் பெருகும் என்ற பயம் போகும். மீதிப் பாதி, ஆறு மாதத்தில் ஆபரேஷன் செய்யாவிட்டால் அது சுவர் சுவராக அடிக்கப் போகும் நெடி. பூஜை அறையில் அதை முதலில் கண்டுபிடிக்கப் போவதும் பாட்டிதான்.